சத்தமில்லாத இரண்டு நிமிடம்

என் அக்காவின் கணவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஹலோ' என்றால்தான் தெரியும். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். எந்தக் கூட்டமாக இருந்தாலும் முதலில் மேடையேறுகிற ஆள் அவர்தான். "ஹலோ... ஹலோ... ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். இருபத்தைந்து வருடத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் மைக்கில் பேசியதில்லை. "ஊருக்கே வாயை வாடகைக்கு விடுறேன். எனக்குன்னு ஒண்ணு மிச்சம் வெச்சுக்கல" என்பார்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். கடவுள் நம்பிக்கை மிகுந்தவர். காலையில் கடையைத் திறந்ததும் கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பார். அதற்குப் பிறகுதான் எந்த சுவிட்சிலும் கை வைப்பார். நான் வங்கியில் வேலை பார்த்தேன். விடுமுறை நாளில் கூட்டம் ஏதாவது இருந்தால் அவரோடு போய் ஆம்ப்ளிஃபயர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். நான் சொல்லப்போகிற கூட்டத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வேன் ஆற்றுப் பாலத்தில் வழுக்கி, பக்கச் சுவரை இடித்துக்கொண்டு கீழே விழுந்தது. ஏழு பிள்ளைகள் போய்விட்டார்கள். ஓட்டுநரும் போய்விட்டார். யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்றாலும் ஊருக்கு ஆள் கிடைக்கவில்லை.

அக்கா மகளும் அந்த வேனில் போகிறவள்தான். ஒன்பது வயது. அன்று அவளுக்குக் காய்ச்சல். வீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். செய்தி வந்ததும் மாமா அவளைப் போர்வையோடு வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். "கடவுள் காப்பாத்திட்டார், கடவுள் காப்பாத்திட்டார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தை மிரண்டுபோய் அழுதது. இறக்கி விடச் சொல்லி அக்கா எத்தனையோ தடவை கேட்டும் அவர் கை தளரவில்லை.

அடுத்த வாரம் நகராட்சி மைதானத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. மருந்துக் கடைக்காரர் தலைமை. ஊரில் எந்தக் குழு அமைத்தாலும் தலைவர் அவர்தான், நல்ல மனுஷர். தலைமை ஆசிரியர் பேசினார், இன்னும் நாலைந்து பேர் பேசினார்கள். கடவுள் தமக்குப் பிடித்த பூக்களைச் சீக்கிரம் பறித்துக்கொள்கிறார் என்று ஒருவர் சொல்ல, அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். முன்வரிசையில் பெற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்றார் மருந்துக் கடைக்காரர்.

தபாலாபீஸ் அம்மா எழுந்து வந்தார். பார்சல் கவுண்டரில் வேலை பார்க்கிறவர். பத்து வயதில் ஒரே பையன், போன ஏழு பேரில் அவனும் ஒருவன். மேடையேறி, மைக்கின் உயரத்தைத் தானே சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தார்.

"என் பையனைக் கடவுள் கூப்பிட்டுக்கிட்டார்னு எல்லாரும் சொன்னீங்க. ஆறுதலுக்குத்தான் சொல்றீங்க, புரியுது. ஆனா எனக்கு அப்படி ஒருத்தர் இருக்கார்ங்கிற நம்பிக்கை இல்ல. இன்னிக்கு நேத்து இல்ல, எப்பவுமே இருந்ததில்ல. அவனை யாரும் கூப்பிடல."

கூட்டத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிறகு பின்னாலிருந்து, "இறங்கும்மா கீழ!" என்று ஒரு குரல். மகளைப் பறிகொடுத்திருந்த தச்சர் முன்வரிசையில் எழுந்து நின்று, "எங்க வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க" என்று கத்தினார். அந்த அம்மா இரைச்சல் அடங்குவதற்காகக் காத்திருந்தார். அடங்கவில்லை. இரைச்சலுக்கு மேலேயே பேசினார்.

"இதை நான் சொல்லித்தான் ஆகணும். அன்னிக்குக் காலைல உடம்பு சரியில்லாத பிள்ளைய..."

மாமாவின் கை வால்யூம் திருகியை இடப்பக்கம் கடைசி வரை திருப்பியது. யாரும் அவரிடம் சொல்லவில்லை, சைகைகூடக் காட்டவில்லை. பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன், அது அவராகவே செய்தது.

அந்த அம்மா ஒரு கணம் மைக்கைப் பார்த்தார். பிறகு எங்கள் மேசைப் பக்கம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து நின்று தொடர்ந்து பேசினார். உதடுகள் அசைந்தன. ஒரு கை மட்டும் ஒரு தடவை உயர்ந்து, எதையோ தூக்கி வைப்பது போல அசைந்து இறங்கியது. இரண்டு நிமிடம் இருக்கும். பேசி முடித்து, படிகளைப் பார்த்துப் பார்த்து இறங்கினார். கூட்டம் கை தட்டியது. அவர் இறங்கியதற்கான கைதட்டல் அது. நானும் தட்டினேன்.

கலைந்து போகும்போது பலர் வந்து மாமாவின் முதுகில் தட்டினார்கள். "சமயத்துல நிறுத்தினீங்க ஹலோ" என்றார் ஒருவர். மாமா ஒயரைச் சுருட்டிக்கொண்டே தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம், "என் பொண்ணைப் பத்திப் பேச வந்தா. காய்ச்சல்ல கிடந்தது தப்பிச்சுது, என் பிள்ளை போயிடுச்சேன்னு ஊர் முன்னால சொல்லப் பார்த்தா. விட்ருவேனா?" என்றார். நியாயம்தான் என்று எனக்கும் பட்டது.

முதல் சில நாள் அவர் நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், சைக்கிளை நிறுத்தும்போது தற்செயலாக நிமிர்ந்து பார்த்திருக்கிறார். மாடி ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் நின்று அவரைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. மனிதர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு மூச்சிரைக்க மாடிக்கு ஓடி, ஜன்னலைப் படாரென்று திறந்து, "என்னம்மா சொன்ன? என்ன சொன்ன?" என்று உலுக்கினார்.

"கால்ல சேறு இருக்கு, கழுவிட்டு வாங்கன்னேன்பா."

அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு மேடையில் அசைந்த அந்த அம்மாவின் உதடு அவரை விடவே இல்லை. பஸ் கண்ணாடிக்குப் பின்னால் யாராவது பேசினால் அந்த உதடு. முடிதிருத்தும் கடையில் எதிர்க் கண்ணாடியில் யாராவது வாயசைத்தால் அந்த உதடு. கடையில் பழுது பார்ப்பதற்காக ஒரு ஸ்பீக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் காகித வட்டத்தில் காதை வைத்து உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். "என்ன மாமா?" என்றேன். "ஒண்ணுமில்ல, சத்தம் வருதான்னு பார்த்தேன்" என்றார். அந்த ஸ்பீக்கருக்கு மின் இணைப்பே கொடுத்திருக்கவில்லை.

தொழிலிலும் மாறிப்போனார். யார் பேச்சையும் பாதியில் நிறுத்த மாட்டேன் என்று பிடிவாதம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா குடித்துவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு, பெண் வீட்டார் போட்ட சாப்பாட்டைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். இரண்டு வீட்டாரும் கெஞ்சினார்கள். மாமா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "அவர் முடிக்கட்டும்" என்றார். ஹலோ மைக் செட்டில் கழுதை ஏறினாலும் கத்தி முடித்துவிட்டுத்தான் இறங்கும் என்று ஊரில் கேலி பேசினார்கள். பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள்.

அக்காவுக்கு அவர் நிலைமை புரிந்திருந்தது. ஆனால் சமாதானம் சொல்லவில்லை. நான் இருக்கும்போதே ஒரு நாள் சொன்னாள்: "அந்தம்மா வாயை அடைச்சீங்களே, அன்னிக்குக் காலைல நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? நடிக்கிறா, கிளப்பி அனுப்புன்னு கத்தினது யாரு? நான்தான் கதவைச் சாத்திக்கிட்டுக் குறுக்க நின்னேன். கடவுள் காப்பாத்தினாருன்னா, என் வாயில வந்துதான் உங்ககிட்ட சண்டை போட்டார்."

மாமாவின் முகம் வெளுத்துப்போனது. இந்த விஷயம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். இரங்கல் கூட்டத்தில் மேடையிலும் முன்வரிசையிலும் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனார். மைக் இல்லாவிட்டால் என்ன, இவ்வளவு பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்குமே. அந்த அம்மா கடைசியில் என்ன பேசினார்?

"சாபம் விட்டா" என்றார் மருந்துக் கடைக்காரர். "காதால கேக்கல. ஆனா முகத்தைப் பார்த்தா தெரியாதா?"

"ஏழு குழந்தைங்க பேரையும் வரிசையாச் சொன்னாங்கன்னு நினைக்கிறேன்" என்றார் தலைமை ஆசிரியர்.

மருந்துக் கடைக்காரரின் மனைவி, "தண்ணி கேட்ட மாதிரி இருந்துச்சு. யாருமே எடுத்துட்டுப் போகல, பாவம்" என்றார்.

தச்சர் இழைப்புளியைக் கீழே வைக்காமலே பேசினார். "எனக்குக் கேக்கல. நான் காதைப் பொத்திக்கிட்டேன்." பிறகு, "நீங்க அணைச்சது நல்லதுதான்" என்றார். அதைச் சொல்லும்போது மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கேட்கக் கேட்க அந்த இரண்டு நிமிடம் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் தபாலாபீசுக்கே போனார். பார்சல் கவுண்டரில் கண்ணாடித் தடுப்பு, கீழே அரைவட்டமாக ஒரு திறப்பு. முறை வந்ததும் அந்த அம்மா நிமிர்ந்து, "என்ன அனுப்பணும்?" என்றார். கேட்க வந்ததை விட்டுவிட்டு, தபால்தலை வேண்டும் என்று சொல்லிவிட்டார் மாமா. அது பக்கத்துக் கவுண்டர் என்று காட்டினார் அவர். இப்படியே ஒரு மாதத்தில் ஏழெட்டுத் தடவை போய், வீட்டில் ஒரு டப்பா நிறையத் தபால்தலை சேர்ந்துவிட்டது. கடிதம் எழுதுகிற பழக்கமே இல்லாத வீடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்கே போனார். இரண்டு அறைகள் கொண்ட வீடு. அந்த அம்மா கூடத்தில் கணவரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கணவர் வாராவாரம் பிரார்த்தனைக்குப் போகிறவர், எனக்கே தெரியும். பையனின் செருப்பு வாசல் மூலையில் அப்படியே இருந்தது. எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"தபால்தலை தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார்.

மாமா உட்காரவில்லை. "அன்னிக்கு நான் அணைச்சிருக்கக் கூடாது" என்றார். "நீங்க சொன்னது எனக்கு அப்பவும் பிடிக்கல, இப்பவும் பிடிக்கல. நான் நம்புறவன். ஆனா மைக் என் நம்பிக்கைக்காக வெச்சிருக்கிறது இல்ல."

"பிடிக்க வேண்டாம்" என்றார் அந்த அம்மா. "நீங்க எந்திரிச்சுச் சண்டை போட்டிருக்கலாம். அந்தத் தச்சர் கத்தினார். அவர்மேல எனக்குக் கோபமே இல்ல. அவர் சொன்னது என் காதுல விழுந்துச்சு, பதில் சொல்லியிருப்பேன். நீங்க என்னை ஊமையாக்கிட்டீங்க."

"என் பொண்ணு தப்பிச்சதைப் பத்திப் பேசப் போறீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் புரியாமல் பார்த்தார். "உங்க பொண்ணா? அது அன்னிக்கு வேன்ல போகலங்கிறதே எனக்கு அப்போ தெரியாதே."

பிறகு அவர் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னிக்குக் காலைல வயித்து வலின்னான். பரிட்சைக்குப் பயந்து நடிக்கிறான்னு நினைச்சேன். வேன் வந்துடுச்சு. ஏற மாட்டேன்னான். நான்தான் அவனைத் தூக்கி உள்ள வெச்சுக் கதவைச் சாத்தினேன். அதைச் சொல்லத்தான் மேடைக்கு வந்தேன். கடவுள் கூப்பிட்டுக்கிட்டார், கடவுள் கூப்பிட்டுக்கிட்டார்னு ஆளாளுக்குச் சொன்னா, நான் அனுப்பினது என்னாகும்? அது இல்லாமலே போயிடும். எனக்கு அது போக வேண்டாம்."

மேடையில் அவர் கை உயர்ந்து அசைந்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "நானும் நடிக்கிறான்னுதான் சொன்னேன்" என்றார். "என் பொண்ணையும் அப்படித்தான் சொன்னேன். என் வீட்டுக்காரி குறுக்க நிக்கலேன்னா..."

உள்ளறையிலிருந்து அவர் கணவர் வந்து மாமாவிடம் தண்ணீர் கொடுத்தார். "இவகூட நான் பதினாலு வருஷம் வாக்குவாதம் பண்ணியாச்சு" என்றார். "நான் பிரார்த்தனைக்குப் போற சட்டைக்கு இவதான் இஸ்திரி போடுறா. என் நம்பிக்கை எனக்கு, அவளோடது அவளுக்கு. பையன் ரெண்டு பேருக்கும்."

கிளம்பும்போது மாமா கேட்டார்: "திரும்ப ஒரு கூட்டம் போட்டா வந்து சொல்றீங்களா? நானே ஏற்பாடு பண்றேன்."

"வேண்டாம். அந்தத் தைரியம் ஒரு தடவைதான் வந்துச்சு."

அந்தப் பதில்தான் அவரை இன்னும் அதிகமாக வதைத்தது. ஊமையாகப் போன இரண்டு நிமிடத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தால் உதடுகள் விட்டுவிடும் என்று நினைத்திருந்தார். விடவில்லை. இப்போது உதடோடு வார்த்தையும் சேர்ந்துகொண்டது என்று என்னிடம் சொன்னார்.

முதலாண்டு நினைவுக்குப் பாலத்தடியில் ஒரு கல் நடுவதென்று மருந்துக் கடைக்காரர் தலைமையிலான குழு முடிவு செய்தது. 'இறைவன் அழைத்துக்கொண்ட ஏழு மலர்கள்' என்று மேலே ஒரு வரி, கீழே ஏழு பெயர்கள். அந்த வரிக்குக் கீழே தன் மகன் பெயர் வேண்டாம், தனியாகப் போடுங்கள் என்று தபாலாபீஸ் அம்மா எழுதிக் கொடுத்தார். குழு மறுத்துவிட்டது. மாமா மருந்துக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"மத்த ஆறு வீட்டையும் நெனச்சுப் பாருங்க ஹலோ" என்றார் மருந்துக் கடைக்காரர். "அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவங்க உசிரோட இருக்காங்க. பக்கத்துலயே கடவுள் இல்லைன்னு ஒருத்தி நின்னா, அவங்க மனசு என்ன பாடுபடும்?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. மாமா அதை மறுக்கவில்லை. "அந்த வரி இருக்கட்டும். எண்ணிக்கையைத் தவிர அதுல ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். நானும் அதை நம்புறவன்தான். ஆனா அவங்க பெத்த பிள்ளைமேல நம்ம வரியை எழுதுறது எப்படிங்க சரி?"

"ஊர் ஒத்துக்காது."

"ஊரைக் கேக்க வேண்டாம். ஆறு வீட்டைக் கேட்டுட்டு வரேன்."

இரண்டு மாதம் நடந்தார். மேடையில் வாயே திறக்காத மனிதர் வீடு வீடாக உட்கார்ந்து பேசினார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் அழுதார்கள், இவரும் அழுதார். அந்த அம்மா வேனில் தூக்கி வைத்த கதையை அவர் எங்கும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் எல்லோரும் இரங்கியிருப்பார்கள் என்று நான் சொன்னேன். "அது அவங்க பேச்சு. அதை அவங்களைக் கேக்காம நான் எடுத்துப் பேசினா, ஒரு தடவை பறிச்சதை ரெண்டாவது தடவையும் பறிச்ச மாதிரி" என்றார்.

சம்மதம் என்று கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் தச்சர். "அந்தம்மா சொன்னது தப்பு. சாகிற வரைக்கும் தப்புன்னுதான் சொல்வேன்" என்றார். "ஆனா அவன் என் பொண்ணுகூட ஒரே சீட்ல உக்காந்து போனவன். அவன் பேரு அவங்கம்மா சொல்ற இடத்துல இருக்கட்டும்."

கல்லின் முகப்பில் ஆறு பெயர்கள் வந்தன. முகப்பு வரியில் 'ஏழு' இருந்த இடத்தில் 'ஆறு' என்று செதுக்கினார்கள். பக்கவாட்டில் பையனின் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. வேறு எதுவும் இல்லை. திறப்பு விழாவுக்கு அந்த அம்மா வந்து, பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு, கூட்டம் கலைவதற்கு முன் போய்விட்டார். கணவர் மட்டும் பிரார்த்தனை முடியும் வரை இருந்தார்.

மூன்று வருடம் கழித்து மாற்றல் வாங்கிக்கொண்டு அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். கிளம்புகிற அன்று காலை அந்த அம்மா கடைக்கு வந்தார். "மன்னிச்சிட்டேன்னு சொல்ல வந்தேன்னு நினைச்சுக்காதீங்க" என்றார். "அது எனக்கு வரல. கல்லுக்காக அலைஞ்சீங்கன்னு தெரியும். அதைத் தெரியும்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நடந்ததை என்னிக்காவது யாராவது எழுதினா எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல." மாமா தலையசைத்தார். அவர் தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நின்றார்.

பக்கவாட்டில் இருந்த பெயரை யாரோ இரண்டு தடவை ஆணியால் கீறினார்கள். யார் என்று மாமா விசாரிக்கவில்லை. கல்தச்சரை அழைத்துவந்து சரிசெய்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரார்த்தனை முடிந்ததும் நேராகப் பாலத்தடிக்குப் போய், கல்லின் அந்தப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. உதடுகள் இன்னும் வருகின்றனவா என்று ஒரு தடவை கேட்டேன். "வராம எங்க போகும்?" என்றார்.

போன மாதம் நானும் கூட இருந்தேன். வெளியூர்க்காரர் ஒருவர், பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தவர், கல்லைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தப் பேரு மட்டும் ஏன் இந்தப் பக்கம் இருக்கு?"

"அவங்கம்மா அப்படிக் கேட்டாங்க" என்றார் மாமா.

"ஏன் அப்படிக் கேட்டாங்க?"

"அதை அவங்கதான் சொல்லணும்."

"அவங்க எங்க இருக்காங்க?"

மாமா தபாலாபீசில் கேட்டால் விலாசம் கிடைக்கும் என்று வழி சொன்னார். பாலத்தைத் தாண்டி இடப்பக்கம், இரண்டாவது தெரு. அவர் போன பிறகு, மாமா ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்.